சத்தான சாப்பாட்டுக்கு மாறியதும் வயிறு முரண்டு பிடிக்கிறதா?

ஒரு திங்கட்கிழமை முதல் எல்லாவற்றையும் மாற்றிவிடுவது என்று முடிவெடுத்தேன். காலையில் ஓட்ஸ், அதன்மேல் இரண்டு மேசைக்கரண்டி சியா விதை. பதினோரு மணிக்குத் தோலோடு ஓர் ஆப்பிள், ஒரு கைப்பிடி பாதாம். மதியம் கிண்ணம் நிறைய பச்சைக் கேரட்டும் முட்டைக்கோஸும், அதில் ஒரு கப் வேகவைத்த கொண்டைக்கடலை. இரவு முழுக்கோதுமை ரொட்டி நான்கு துண்டு. செவ்வாய் வரை பெருமையாகத்தான் இருந்தது. புதன்கிழமை மாலை வயிறு தவில் மாதிரி விறைத்துக்கொண்டது. வியாழக்கிழமை அலுவலகக் கூட்டத்தில் நான் வாயைத் திறக்காமலே என் வயிறு பேசியது எல்லோருக்கும் கேட்டது. வெள்ளிக்கிழமை இரவு, இந்தச் சத்தான சாப்பாடெல்லாம் நம் உடம்புக்கு ஒத்துவராது என்று பழைய வழிக்கே திரும்பிவிட்டேன்.

பல மாதம் கழித்துத்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அதுவரை நாளுக்குச் சுமார் 15 கிராம் நார்ச்சத்து சாப்பிட்டுவந்தவன், ஒரே நாளில் 45 கிராமைத் தாண்டியிருக்கிறேன். அளவை மூன்று மடங்காக்க நான் எடுத்துக்கொண்ட அவகாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. கொண்டைக்கடலைமேல் பழியைப் போட்டது அநியாயம்.

இரண்டாம் முறை ஆறு வாரம் எடுத்துக்கொண்டேன். அதிலிருந்தும் அதற்குப் பிறகு படித்ததிலிருந்தும் தேறியதை, இப்போதுதான் மாறத் தொடங்கி அவதிப்படுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

உள்ளே என்னதான் நடக்கிறது?

நார்ச்சத்தைச் செரிக்கும் நொதிகள் நம்மிடம் இல்லை. அது வயிற்றையும் சிறுகுடலையும் ஏறக்குறைய அப்படியே கடந்து பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து உண்கின்றன. அப்போது உண்டாகும் கொழுப்பு அமிலங்களில் ஒன்றான பியூட்டிரேட்தான் பெருங்குடல் செல்களுக்கு முக்கியமான எரிபொருள். அதே வேலையின் துணைவிளைவாக ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும், சிலருக்கு மீத்தேனும் உண்டாகின்றன. அதாவது நன்மையும் உப்புசமும் ஒரே அடுப்பில்தான் வேகின்றன.

சாப்பாடு மாறினால் பாக்டீரியாக்களின் கலவையும் மாறுகிறது. 2014இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வில் சிலரை ஒருமுறை முழுக்கத் தாவர உணவுக்கும் இன்னொருமுறை முழுக்க விலங்கு உணவுக்கும் மாற்றிப் பார்த்தார்கள். சில நாட்களிலேயே கலவை மாறியது தெரிந்தது. ஆனால் கலவை மாறத் தொடங்குவது வேறு, வயிறு சமாதானமாவது வேறு. பின்னதற்குச் சில வாரங்கள் ஆகும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வயிறு கெட்டால், "உடம்பிலிருக்கும் நச்சு வெளியேறுகிறது, நல்ல அறிகுறிதான், தாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்ல ஆள் இருக்கிறார்கள். நச்சை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் ஓசைப்படாமல் தினமும் செய்துகொண்டிருக்கின்றன. அதற்குப் பேதி தேவையில்லை. மூன்று நாள் வயிற்றுப்போக்கில் வெளியேறுவது தண்ணீரும் உப்புகளும்தான்.

முதலில்: இது சாதாரண வயிற்றுக் கோளாறுதானா?

கீழே சொல்லப்போகும் எதையும் முயன்று பார்க்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள். மலத்தில் ரத்தம், தார் போல் கறுத்த மலம் (இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் கறுப்பாகப் போகும்; அது வேறு), காய்ச்சல், நிற்காத வாந்தி, தூக்கத்திலிருந்தே எழுப்பிவிடும் வயிற்றுப்போக்கு, விழுங்கும்போது அடைப்பது, ஒரே இடத்தில் கூடிக்கொண்டே போகும் வலி, ரத்தசோகை - இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் போங்கள். வயிறு உப்பி, வாந்தியும் வந்து, மலமும் காற்றும் அடியோடு நின்றுபோனால் அன்றே போக வேண்டும். எடை குறைவதைக் கவனிப்பதுதான் கொஞ்சம் சிக்கல், ஏனென்றால் பலரும் எடை குறைக்கத்தானே சாப்பாட்டை மாற்றுகிறோம். நீங்கள் எதிர்பார்த்ததைவிட வேகமாகவோ, நன்றாகச் சாப்பிட்டும்கூடவோ குறைந்தால் அதுவும் சொல்ல வேண்டிய விஷயம். 50 வயதைத் தாண்டியவர்களும், குடும்பத்தில் யாருக்காவது பெருங்குடல் புற்றுநோய் இருந்தவர்களும், மலம் கழிக்கும் வழக்கம் புதிதாக மாறிச் சில வாரம் நீடித்தால் சாப்பாட்டின் மேல் பழிபோட்டுச் சும்மா இருக்க வேண்டாம்.

மருந்து சாப்பிடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மெட்ஃபார்மின் மாத்திரையே வயிற்றைக் கலக்கக்கூடியது. சர்க்கரை நோய் தெரிந்ததும் மாத்திரையும் புதுச் சாப்பாடும் ஒரே வாரத்தில் தொடங்குவதால் எது காரணம் என்றே தெரியாமல் போகிறது. இன்சுலினோ கிளிமெபிரைடு போன்ற மாத்திரைகளோ எடுப்பவர்கள் மாவுச்சத்தைச் சட்டென்று குறைத்தால் ரத்தச் சர்க்கரை அபாயமாக இறங்கலாம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்கள் கீரையை ஒரே வீச்சில் கூட்டக்கூடாது; அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைத் தடுக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பழமும் பருப்பும் கொட்டைகளும் பொட்டாசியத்தைக் கூட்டிவிடும். இவர்கள் எல்லோரும் மருத்துவரிடம் கேட்டுவிட்டே மாற வேண்டும்.

படி 1: நேரத்தைப் பாருங்கள்

வயிறு வலித்ததும் நாம் செய்வது, கடைசியாகச் சாப்பிட்டதைத் திட்டுவது. பெரும்பாலும் திட்டு வாங்குவது தப்பான ஆள். சாப்பிட்டது பெருங்குடலை எட்டவே ஐந்தாறு மணி நேரம் ஆகிவிடும். முழுதாக வெளியேற ஒன்று முதல் மூன்று நாள் வரை ஆகலாம். ஆகவே மாலை ஏழு மணிக்கு உப்பும் வயிற்றுக்கு மதியச் சாப்பாட்டையோ காலைச் சாப்பாட்டையோதான் விசாரிக்க வேண்டும்.

சாப்பிட்டு எழுவதற்குள் கழிப்பறைக்கு ஓட வைக்கிறதே, அது எப்படி? வயிற்றுக்குள் சாப்பாடு விழுந்ததும் பெருங்குடல் சுருங்கி இடம் ஒதுக்குவது எல்லோருக்கும் உள்ள அனிச்சைச் செயல். வெளியே வருவது நேற்றையதோ முந்தாநாளையதோதான். இன்றைய தட்டில் இருப்பது வெறும் மணி அடித்தது, அவ்வளவே.

ஒரு சின்ன நோட்டில் ஒரு வாரம் எழுதுங்கள்: என்ன சாப்பிட்டேன், எவ்வளவு, எத்தனை மணிக்கு, எத்தனை மணிக்கு என்ன தொந்தரவு. மலம் எப்படி இருந்தது என்பதையும் எழுதுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, மருத்துவர்களே அதற்கு ஏழு வகை பிரித்த பிரிஸ்டல் அட்டவணை ஒன்றை வைத்திருக்கிறார்கள். முதல் இரண்டு வகை கொட்டை கொட்டையான மலச்சிக்கல். மூன்றும் நான்கும் நல்லவை. ஆறும் ஏழும் வயிற்றுப்போக்கு. "வயிறு சரியில்லை" என்று எழுதுவதைவிட "வகை 6, மூன்று முறை" என்று எழுதினால் பிறகு பயன்படும்.

காற்று பிரிவதை மட்டும் வைத்துப் பயந்துவிடாதீர்கள். நல்ல உடம்புக்காரர்களுக்கே நாளைக்கு 10 முதல் 20 முறை பிரியும். பலர் அதை எண்ணிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

படி 2: பின்வாங்கி, ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்

இந்த இடத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஒன்று, பல்லைக் கடித்துக்கொண்டு முழு வேகத்தில் தொடர்கிறார்கள். அல்லது என்னைப் போல மொத்தத்தையும் தூக்கிப்போடுகிறார்கள்.

வயிறு ரொம்பக் கெட்டிருந்தால் இரண்டு மூன்று நாள் அதற்கு ஓய்வு கொடுங்கள். குழைய வேகவைத்த சோறு, உருளைக்கிழங்கு, வேகவைத்த கேரட், முட்டை, வாழைப்பழம் போன்றவை போதும். வயிற்றுப்போக்கு இருந்தால் ஓ.ஆர்.எஸ். கரைசல் குடியுங்கள். பொட்டலம் கிடைக்காவிட்டால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், இரண்டும் தலைதட்டி அளந்து, கரைத்துக்கொள்ளலாம். இந்த அளவில் கைக்கு வந்தபடி விளையாடக்கூடாது. உப்பு கூடினால் கெடுதல்.

பிறகு நீங்கள் செய்த மாற்றங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். ஐந்தோ எட்டோ இருக்கும். அதில் ஒன்றே ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எது வயிற்றுக்கு மிகக் குறைவாகத் தொந்தரவு கொடுத்ததோ அது. மற்றதெல்லாம் பழையபடி இருக்கட்டும். ஒரு மாதம் வெள்ளை ரொட்டி சாப்பிட்டால் குடி முழுகிவிடாது.

படி 3: வாரத்துக்கு 5 கிராம்

உலக சுகாதார நிறுவனம் 10 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது. அதை எட்டுவதற்கு அவசரமில்லை. வாரத்துக்கு 5 கிராம் கூட்டினால் 15இலிருந்து 30க்குப் போக மூன்று வாரம். நடுவில் வயிறு முணுமுணுத்தால் அந்த அளவிலேயே இன்னொரு வாரம் நின்றுகொள்ளலாம். எனக்கு ஆறு வாரம் ஆனது அப்படித்தான்.

5 கிராம் என்றால் எவ்வளவு? தோலோடு நடுத்தர ஆப்பிள் ஒன்றில் 4 கிராம் போல இருக்கிறது. வாழைப்பழத்தில் 3. உலர்ந்த ஓட்ஸ் 40 கிராமில் சுமார் 4. வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் ஏழரை, மைசூர்ப் பருப்பில் ஏறத்தாழ 8. பச்சைக் கேரட் 100 கிராமில் 3க்குக் கொஞ்சம் குறைவு. பாதாம் 30 கிராமில் மூன்றரை. சியா விதை இரண்டு மேசைக்கரண்டியில் கிட்டத்தட்ட 10! இந்த ஆச்சரியக்குறி என் அனுபவத்தின் வலி. பார்வைக்கு ஒரு தூவல்தான், ஆனால் அதுவே இரண்டு வாரத்து ஒதுக்கீடு. விதைகளில் ஒரு தேக்கரண்டியிலிருந்து தொடங்குங்கள். தண்ணீரிலோ பாலிலோ நன்றாக ஊறி வழவழப்பான பிறகு சாப்பிடுங்கள். உலர்ந்த விதையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பது தொண்டையில் அடைக்கும்.

வரிசையும் முக்கியம். ஓட்ஸ், கேரட், வெந்த பூசணி போன்றவை முதலில் வரட்டும். அடுத்து முழுத்தானியங்கள். அதற்குப் பிறகு தோல் நீக்கி உடைத்த பருப்புகள். முழுப்பயறும் முட்டைக்கோஸ், காலிஃபிளவர் குடும்பமும் கடைசியில். நான் இதைத் தலைகீழாகச் செய்தவன்.

படி 4: பயறு வகைகளைப் பழக்குவது

சத்தான சாப்பாடு என்றாலே பயறு வந்துவிடுகிறது. வயிற்றைப் படுத்துவதில் முதலிடமும் அதற்குத்தான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பயறுகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்று இரண்டு சர்க்கரைகள் இருக்கின்றன. அவற்றை உடைக்கும் ஆல்ஃபா-கேலக்டோசிடேஸ் என்ற நொதி மனிதக் குடலில் சுரப்பதில்லை. ஆகவே முழுதும் பாக்டீரியாக்களுக்கு விருந்து. இந்தச் சர்க்கரைகள் தண்ணீரில் கரையும் என்பதுதான் நமக்குக் கிடைத்த பிடி. இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கழுவி, புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். சத்து போய்விடும் என்று ஊறிய தண்ணீரிலேயே வேகவைப்பவர்கள் உண்டு. கொஞ்சம் சத்து போகத்தான் செய்யும். அதைவிட அதிகமாகப் போவது உங்கள் வயிற்றைக் கலக்கும் பொருள். டப்பாவில் வரும் பயறானால் அதிலுள்ள கெட்டியான நீரை வடித்து நன்றாக அலசிவிடுங்கள்.

விரலால் நசுக்கினால் பசையாக வேண்டும், அந்த அளவுக்கு வேகட்டும். மணி மணியாக நிற்கும் பயறு சாலட்டில் அழகாக இருக்கும். புதிதாகத் தொடங்கும் வயிற்றுக்கு அது ஆகாது. முதல் வாரம் இரண்டு மேசைக்கரண்டி, அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். தொந்தரவு இல்லையென்றால் தினமும் இரண்டு. பிறகு நான்கு. ஒரு கப் என்ற அளவுக்கு வர ஒரு மாதம் ஆனால் ஆகட்டும்.

ராஜ்மாவில் வேறொரு ஆபத்து உண்டு. சரியாக வேகாத சிவப்பு ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் என்ற நச்சு, நாலைந்து கொட்டை உள்ளே போனாலே ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் கடுமையான வாந்தியும் பேதியும் வரவைக்கும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் தளதளவென்று அரைமணி நேரம் கொதிக்கவிட வேண்டும் என்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் பரிந்துரை. பிரஷர் குக்கர் இதை நன்றாகவே செய்துவிடும். மெல்லிய சூட்டில் பல மணி நேரம் வேகவைக்கும் மின்சாரப் பாத்திரங்களில் பச்சையாக அப்படியே போடக்கூடாது. கொதிநிலை எட்டாத சூட்டில் நச்சு அழியாது, கூடவும் செய்யலாம். "ராஜ்மா எனக்கு ஒத்துக்காது" என்று சொல்கிறவர்களில் சிலருக்கு ஒத்துக்கொள்ளாதது ராஜ்மாவா, அது வெந்த விதமா என்று எனக்குச் சந்தேகம்.

முளைகட்டிய பயறு பச்சையாகச் சாப்பிடுவது உடம்புக்கு ரொம்ப நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். முளைக்கத் தேவையான வெதுவெதுப்பும் ஈரமும்தான் சால்மோனெல்லா, ஈ.கோலை போன்ற நோய்க்கிருமிகளுக்கும் தேவை. 2011இல் ஜெர்மனியை மையமாக வைத்துப் பரவிய ஈ.கோலை தொற்றில் ஏறத்தாழ 4,000 பேர் நோயுற்று 50க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். விசாரணை போய் நின்றது வெந்தய முளையில். ஆவியில் வேகவைத்துச் சாப்பிடுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் முதியவர்களும் பச்சை முளைகளைத் தொடவே வேண்டாம்.

படி 5: பச்சைக் காய்கறியை ஒத்திப்போடுங்கள்

ஆரோக்கியம் என்றால் சாலட் என்ற எண்ணம் எப்படியோ வந்துவிட்டது. வேகவைத்தால் காய்கறியின் செல்சுவர் இளகி, குடலின் வேலை குறைகிறது. வைட்டமின் சி கொஞ்சம் போகும். கேரட்டிலும் தக்காளியிலும் உள்ள நிறமிச்சத்துகள் வெந்த பிறகுதான் உடலில் நன்றாகச் சேர்கின்றன. முதல் மாதம் எல்லாம் வெந்ததாகவே இருக்கட்டும். பிறகு வெள்ளரி, கீரைத்தளிர் போன்ற மெல்லியவற்றைப் பச்சையாகச் சேர்த்துப் பாருங்கள்.

வெங்காயமும் பூண்டும் தனிக் கதை. இவற்றிலும் கோதுமையிலும் உள்ள ஃப்ரக்டான் என்ற சர்க்கரைச் சங்கிலி யாருக்குமே சிறுகுடலில் செரிப்பதில்லை. பச்சை வெங்காயம் தூவிய கிண்ணத்தைச் சாப்பிட்டுவிட்டு வெள்ளரிமேல் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

படி 6: "ஆரோக்கியம்" என்று பெயர் போட்டு வந்தவற்றைச் சோதியுங்கள்

சாப்பாட்டை மாற்றும்போது கூடவே சில பொட்டலங்களும் வீட்டுக்குள் வந்துவிடும். அவற்றின் பின்பக்கத்தைப் படித்தால் பாதி மர்மம் அங்கேயே விடுபடும்.

"சர்க்கரை இல்லை" என்று போட்ட சாக்லேட், மிட்டாய், பிஸ்கட்டில் சார்பிடால், மால்டிடால், சைலிடால் என்ற பெயர்களைத் தேடுங்கள். இவை முழுதாக உறிஞ்சப்படாமல் குடலுக்குள் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், பேதியாகும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இவை 10 சதவீதத்தைத் தாண்டினால் அதிகம் சாப்பிட்டால் பேதியாகலாம் என்று பொட்டலத்திலேயே எச்சரிக்க வேண்டும் என்பது சட்டம். ஆப்பிளிலும் பேரிக்காயிலும் உலர்ந்த பிளம்ஸிலும் சார்பிடால் இயற்கையாகவே உண்டு. மலச்சிக்கலுக்குப் பிளம்ஸ் கேட்பது இதனால்தான்.

புரோட்டீன் பார்களில் இன்யுலின் அல்லது சிக்கரி வேர் நார் என்று இருக்கும். நார்ச்சத்தின் எண்ணைக் கூட்டிக்காட்ட எளிதான வழி; மிக வேகமாகப் புளிக்கும் நாரும் அதுவே. புரோட்டீன் பவுடரில் மோர்ப்புரதச் செறிவு (வே கான்சன்ட்ரேட்) வகையில் பால்சர்க்கரை மிச்சமிருக்கும். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் பால்சர்க்கரையைப் பெரும்பாலும் நீக்கிய ஐசோலேட் வகைக்கு மாறிப் பார்க்கலாம்.

பால் என்றதும்: உலக மக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்குக் குழந்தைப் பருவத்துக்குப் பிறகு, பால்சர்க்கரையான லாக்டோஸை உடைக்கும் லாக்டேஸ் நொதி குறைந்துவிடுகிறது. தேநீரில் விட்ட பால்வரை யாருக்கும் தெரியாது. புதிதாக ஓட்ஸுக்கு ஒரு கிண்ணம், பழக்கூழுக்கு ஒரு கிளாஸ், இரவு ஒரு கிளாஸ் என்று ஏறும்போது வெளிப்படும். இப்படிப்பட்டவர்களிலும் பெரும்பாலோர் ஒரு வேளைக்கு 12 கிராம் லாக்டோஸ், அதாவது ஒரு கப் பால் வரை தாங்குவார்கள். தயிர் இன்னும் எளிது. அதிலுள்ள பாக்டீரியாக்களே லாக்டோஸை உடைக்க உதவுகின்றன.

பழத்தை அரைத்துக் குடிப்பதை நான் விட்டுவிட்டேன். தட்டில் வைத்தால் ஒரு பழத்தோடு எழுந்துவிடுவேன். மிக்சியில் போட்டால் மூன்று பழம் நான்கு நிமிடத்தில் உள்ளே போய்விடும். அத்தனை பழச்சர்க்கரையையும் (ஃப்ரக்டோஸ்) ஒரே நேரத்தில் உறிஞ்ச எல்லாக் குடலாலும் முடியாது. மாத்திரைகளையும் எண்ணுங்கள். மெக்னீசியம் மாத்திரை பேதியாக்கும். அமெரிக்காவில் மாத்திரை வழியாக எடுக்கும் மெக்னீசியத்துக்கு 350 மில்லிகிராம் என்று உச்சவரம்பு வைத்திருப்பது இதற்காகத்தான். வைட்டமின் சி 2 கிராமைத் தாண்டினாலும் அதே கதை.

மலச்சிக்கல் வந்தால்

நார் கூடினால் மலம் இளகும் என்றுதானே சொல்கிறார்கள், எனக்கு ஏன் இறுகிப்போனது என்று கேட்பவர்கள் நிறைய. தண்ணீர் கூடாமல் நார் மட்டும் கூடினால் அது பஞ்சு அடைத்த மாதிரிதான். ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டோடும் ஒரு தம்ளர் தண்ணீர் கூடுதலாகக் குடியுங்கள். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் போதும், லிட்டர் கணக்கை மனப்பாடம் செய்ய வேண்டாம். எண்ணெயை அடியோடு நிறுத்தியவர்களுக்கும், மொத்தச் சாப்பாட்டையே பாதியாகக் குறைத்தவர்களுக்கும் சிக்கல் வரும். உள்ளே போவது குறைந்தால் வெளியே வருவதும் குறையும். இரண்டு நாளைக்கு ஒருமுறை இளக்கமாகப் போனால் அதைச் சிக்கல் என்று சொல்லவே முடியாது. காலைக் காபியை நிறுத்தியது காரணமாக இருக்கலாம் என்று பலருக்குத் தோன்றுவதில்லை. காபி பெருங்குடலைக் கிளப்பிவிடக் கூடியது.

இசப்கோல் என்ற விதை உமி நல்ல துணை. மற்ற நார்களைப் போல வேகமாகப் புளிக்காமல் தண்ணீரைப் பிடித்துக் கூழாக நிற்பதால் காற்று குறைவு. மலச்சிக்கலுக்கும் இளகிப்போவதற்கும் இரண்டுக்குமே பயன்படும். ஒரு தேக்கரண்டியில் தொடங்கி, ஒரு முழு தம்ளர் தண்ணீரில் கலக்கி உடனே குடித்துவிடுங்கள். மற்ற மருந்துகளுக்கும் அதற்கும் இடையில் இரண்டு மணி நேரம் இருக்கட்டும்.

சாப்பிட்ட பிறகு பத்து பதினைந்து நிமிடம் நடப்பது சிக்கிய காற்றைக் கிளப்பிவிடும். மெல்லாமல் விழுங்குவதும் சோடா குடிப்பதும் உறிஞ்சுகுழலில் குடிப்பதும் காற்றை வெளியிலிருந்தே உள்ளே தள்ளுகின்றன. இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

ஆறு வாரம் ஆகியும் அடங்காவிட்டால்

நிதானமாகக் கூட்டியும், பயறைக் குழைய வேகவைத்தும், பொட்டலங்களை விலக்கியும் வயிறு அப்படியே இருந்தால் இனி நீங்களாக ஊகிப்பதில் பயனில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ போங்கள்.

அதற்கு முன் ஒரு தவறை மட்டும் செய்துவிடாதீர்கள்: சந்தேகத்தில் கோதுமையை நிறுத்திவிடுவது. கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தால் உடலின் எதிர்ப்புசக்தி தன் குடலையே தாக்கும் சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை, கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் சரியாகக் காட்டும். நிறுத்தி மாதக்கணக்காகிவிட்டால் நோய் இருந்தும் இல்லையென்று வரலாம். முதலில் பரிசோதனை, அப்புறம் நிறுத்துவது.

எரிச்சல் குடல் நோய் (ஐ.பி.எஸ்.) இருப்பவர்களுக்கு ஆரோக்கியமான சாப்பாடு அதை வெளியே கொண்டுவந்திருக்கலாம். அவர்களுக்காக மெல்போர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய ஃபாட்மேப் முறை இருக்கிறது. எளிதில் புளிக்கும் சர்க்கரைகளை இரண்டிலிருந்து ஆறு வாரம் குறைத்து, பிறகு ஒவ்வொரு வகையாகத் திரும்பச் சேர்த்து, எது எந்த அளவில் தொந்தரவு என்று கண்டுபிடிப்பது. பட்டியலை இறக்கிக்கொண்டு முதல் கட்டத்திலேயே வருடக்கணக்காக நின்றுவிடுகிறவர்கள் உண்டு. அது தவறு, அவ்வளவு நாள் பட்டினி போட்டால் நல்ல பாக்டீரியாக்களும் குறைந்துபோகும். வழிகாட்ட ஒரு நிபுணர் இருந்தால்தான் இதில் இறங்க வேண்டும்.

விலக்கியதைத் திரும்ப அழைப்பது

ஆரம்பத்தில் விலக்கிய எதையும் நிரந்தரமாக விலக்கியதாக எண்ண வேண்டாம். மாதம் ஒருமுறை, மறுநாள் முக்கியமான வேலை இல்லாத ஒரு நாளாகப் பார்த்து, ஒன்றை மட்டும் கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பாருங்கள். ஒத்துக்கொண்டால் இரண்டு நாள் கழித்து அளவை இரட்டியுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் நோட்டில் அளவோடு எழுதிவைத்துவிட்டு அடுத்த மாதம் பார்க்கலாம். கொண்டைக்கடலை இப்போது எனக்கு அரைக் கப் வரை ஒரு முனகலும் இல்லாமல் போகிறது. பாதாம் பிரச்சினையே இல்லை. முட்டைக்கோஸ் மட்டும் இன்னும் ராத்திரியில் பேசுகிறது. அதை மதியத்துக்கு மாற்றி, அன்று மாலை கூட்டம் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்கிறேன்.